உயர் பரிமாணங்களில் குறித்த தொலைவிலுள்ள முழுஎண் புள்ளிகளை எண்ணுவது எப்படி?

வரைபடத்தாளில் ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்டு 5 அலகு ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் சரியாக 12 புள்ளிகள் வழியாக அது செல்லும். அச்சுகளின் மீது நான்கு, 3-4-5 முக்கோணத்தின் தயவால் மற்ற எட்டு. இதைக் கண்ணால் பார்த்தே எண்ணிவிடலாம். அதே கேள்வியை மூன்று பரிமாணத்தில் கேட்டால் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும். ஐந்து பரிமாணத்திலோ இருபத்து நான்கு பரிமாணத்திலோ கேட்டால் படம் என்ற துணையே இல்லாமல் போய்விடும். ஆனால் படம் இல்லாமற்போவதால் கணக்கு கடினமாகிவிடுவதில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் செய்து காட்ட விரும்புகிறேன். பள்ளி மேல்நிலை வகுப்பில் படித்த வரிசைமாற்றமும் பல்லுறுப்புக்கோவைப் பெருக்கலும் நினைவில் இருந்தால் போதும். கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு உடன் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

முதலில் கேள்வியைத் துல்லியமாக்கிக்கொள்வோம். எல்லா ஆயத்தொலைவுகளும் முழு எண்களாக உள்ள புள்ளியையே முழுஎண் புள்ளி என்கிறோம். ஆதிப்புள்ளியிலிருந்து அதன் தொலைவைப் பிதாகரஸ் தேற்றமே தருகிறது: ஆயத்தொலைவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் தொலைவின் வர்க்கம் கிடைக்கும், பரிமாணம் எத்தனையாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. எனவே தொலைவைக் கையாளாமல் தொலைவின் வர்க்கத்தையே எப்போதும் கையாள வேண்டும். பரிமாணத்தை ‘ப’ என்றும், தொலைவின் வர்க்கத்தை ‘வ’ என்றும், நாம் தேடும் எண்ணிக்கையை எ(ப, வ) என்றும் குறிப்போம். மேலே கண்ட வட்டத்துக்கு எ(2, 25) = 12. ஆதிப்புள்ளி மட்டுமே தொலைவு பூச்சியத்தில் இருப்பதால், எந்தப் பரிமாணத்திலும் எ(ப, 0) = 1.

வர்க்கங்களின் கூட்டுத்தொகை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும் என்பதால், தொலைவு 2.5 என்று யாராவது கொடுத்தால் அதன் வர்க்கம் 6.25 என்பதைப் பார்த்தவுடனே விடை பூச்சியம் என்று எழுதிவிடலாம். கணினியில் எழுதுபவர்கள் இதை இன்னொரு காரணத்துக்காகவும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: வர்க்கமூலம் எடுத்துத் தசம எண்களை ஒப்பிடும் நிரல், பதினாறாவது தசம இடத்தில் நேரும் பிழையால் சில புள்ளிகளை விட்டுவிடக்கூடும். முழு எண்களோடு மட்டும் வேலை செய்தால் அந்தத் தொல்லை அறவே இல்லை.

எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு ஆயத்தொலைவுக்கும் எல்லா மதிப்புகளையும் கொடுத்துச் சோதிப்பதுதான். தொலைவு 3 என்றால் ஒவ்வோர் ஆயத்தொலைவும் −3 முதல் 3 வரை ஏழு மதிப்புகளை எடுக்கலாம். எட்டுப் பரிமாணத்தில் ஏழின் எட்டாம் அடுக்கு, அதாவது 57,64,801 புள்ளிகளைச் சோதிக்க வேண்டும். கணினிக்கு அது ஒரு பொருட்டல்ல. இருபத்து நான்கு பரிமாணத்திலோ சோதிக்க வேண்டியவை ஏறத்தாழ 1.9 × 10²⁰ புள்ளிகள். வீட்டுக் கணினி எதனாலும் அந்த வழியில் முடிக்க இயலாது. ஆனால் அதே கேள்விக்கு ஒரு தாளில் பத்து நிமிடத்தில் விடை காணலாம் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

வகை பிரித்து எண்ணுதல்

புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணாமல் வகை வகையாக எண்ணுவதே இதன் சூட்சுமம். ஒரு புள்ளியின் ஆயத்தொலைவுகளை இடம் மாற்றினாலும் குறி மாற்றினாலும் ஆதிப்புள்ளியிலிருந்து தொலைவு மாறுவதில்லை. ஆகவே குறிகளை நீக்கி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி எழுதினால் ஒரே மாதிரி தோன்றும் புள்ளிகளை எல்லாம் ஒரு வகையாகக் கொள்ளலாம். வகைகளைக் கண்டுபிடிப்பது என்பது ‘வ’ என்ற எண்ணை வர்க்க எண்களின் கூட்டலாகப் பிரித்து எழுதுவதே தவிர வேறில்லை.

தொலைவு 3 என்பதையே எடுத்துக்கொள்வோம்; வ = 9. இதை வர்க்கங்களாகப் பிரிக்க நான்கே வழிகள் உண்டு: 9 தனியாக, 4 + 4 + 1, ஒரு 4-உடன் ஐந்து 1-கள், ஒன்பது 1-கள். பரிமாணம் ஒரு கோடியாக இருந்தாலும் இந்த நான்கைத் தவிர ஐந்தாவது வகை கிடையாது. பரிமாணம் சிறிதாக இருந்தால் சில வகைகளுக்கு இடம் போதாது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வகையிலும் எத்தனை புள்ளிகள் என்று காண இரண்டு எண்களைப் பெருக்க வேண்டும். முதலாவது, அந்த மதிப்புகளை ‘ப’ இடங்களில் எத்தனை விதமாக அமர்த்தலாம் என்பது. இரண்டாவது, பூச்சியமல்லாத ஒவ்வொரு மதிப்புக்கும் கூட்டல், கழித்தல் என இரண்டு குறிகள் வைக்கலாம் என்பதால், பூச்சியமல்லாதவை எத்தனையோ அத்தனை முறை 2-ஐத் தன்னோடு பெருக்கி வருவது. இந்த இரண்டாவது எண்ணில்தான் பிழை நேர்கிறது. நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எல்லா இடங்களுக்கும் குறி வைத்து, பூச்சியத்துக்கும் இரண்டு குறி இருப்பதாகக் கணக்கிட்டுவிட்டேன். சரிபார்க்க வேறு வழியை அப்போது அறியாததால் அந்தத் தவறான விடையையே பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பூச்சியத்துக்குக் குறி இல்லை என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

ஐந்து பரிமாணத்தில் செய்து பார்ப்போம். 9 தனியாக வரும் வகையில் ±3 ஓரிடத்திலும் மற்றவை பூச்சியமாகவும் இருக்கும்: 5 இடங்கள், 2 குறிகள், ஆக 10 புள்ளிகள். 4 + 4 + 1 வகையில் இரண்டு 2-கள், ஒரு 1, இரண்டு பூச்சியங்கள்: இவற்றை 30 விதமாக அமர்த்தலாம், குறிகள் 8 விதம், ஆக 240. மற்ற இரண்டு வகைகளுக்கும் ஆறு இடங்களும் ஒன்பது இடங்களும் வேண்டும் என்பதால் அவை இங்கே இடம்பெறா. எனவே எ(5, 9) = 250.

எட்டுப் பரிமாணத்தில் மூன்றாவது வகையும் சேர்ந்துகொள்கிறது. முதல் வகையில் 16; இரண்டாம் வகையில் 168 அமர்வுகளும் 8 குறிகளுமாக 1,344; மூன்றாம் வகையில் ஒரு 2, ஐந்து 1-கள், இரண்டு பூச்சியங்கள் என்பவற்றை 168 விதமாக அமர்த்தி, ஆறு எண்களுக்கு 64 விதமாகக் குறி வைத்து 10,752. மூன்றையும் கூட்டினால் 12,112.

இருபத்து நான்கு பரிமாணத்தில் நான்கு வகைகளும் உண்டு. முதல் வகையில் 48. இரண்டாவதில் இரு 2-களுக்கான இடங்களை 276 விதமாகவும், மிச்சமுள்ள 22 இடங்களில் ஒன்றை 1-க்காகவும் தெரிவுசெய்து, 6,072-ஐ 8-ஆல் பெருக்க 48,576. மூன்றாவதில் 2-க்கு 24 இடம், மிச்சமுள்ள 23-இல் ஐந்தைத் தெரிவுசெய்ய 33,649 வழி; பெருக்கி வரும் 8,07,576-ஐ 64-ஆல் பெருக்க 5,16,84,864. நான்காவதில் 24 இடங்களில் ஒன்பதைத் தெரிவுசெய்ய 13,07,504 வழி, குறிகள் 512 விதம், ஆக 66,94,42,048. மொத்தம் 72,11,75,536. வீட்டுக் கணினியாலும் தேடி முடிக்க முடியாத கூட்டத்தை நான்கு வரிகளில் எண்ணிவிட்டோம். இதில் கவனிக்கத்தக்க ஒன்று: இந்த 72 கோடிப் புள்ளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 93 புள்ளிகள் ஒன்பது இடங்களில் ±1-உம் மற்ற இடங்களில் பூச்சியமும் கொண்ட கடைசி வகையைச் சேர்ந்தவை. இரண்டு பரிமாணத்தில் தொலைவு 3-இல் அச்சுப் புள்ளிகள் நான்கைத் தவிர வேறு எதுவுமே இல்லை; பரிமாணம் ஏற ஏற அச்சுப் புள்ளிகள் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடுகின்றன.

ஒரு பரிமாணத்திலிருந்து அடுத்ததற்கு

வகை பிரிக்கும் வழி ‘வ’ சிறிதாக இருக்கும்வரைதான் வசதியானது. வ = 100 என்றால் வர்க்கங்களாகப் பிரிக்கும் வழிகள் பெருகி, ஏதேனும் ஒன்று விட்டுப்போயிற்றா என்ற ஐயம் தீராது. அப்போது வேறு விதமாக யோசிக்க வேண்டும்.

கடைசி ஆயத்தொலைவை மட்டும் தனியே பாருங்கள். அது 0 என்றால் மற்றவை முழு ‘வ’-வையும் நிரப்ப வேண்டும். ±1 என்றால் வ − 1-ஐ. ±2 என்றால் வ − 4-ஐ. எனவே எ(ப, வ) என்பது எ(ப−1, வ)-உடன், எ(ப−1, வ−1), எ(ப−1, வ−4), எ(ப−1, வ−9) என்று வர்க்கங்களைக் கழித்துக்கொண்டே போய் வரும் எண்களின் கூட்டுத்தொகையை இரட்டித்துச் சேர்த்தால் கிடைப்பது. நான்கு பரிமாணத்தில் வ = 0, 5, 8, 9 ஆகியவற்றுக்கு முறையே 1, 48, 24, 104 புள்ளிகள் உள்ளன. ஆகவே ஐந்து பரிமாணத்தில் வ = 9-க்கு 104 + 2 × (24 + 48 + 1) = 250. முன்பு வகை பிரித்துக் கண்ட அதே விடை.

இதே கருத்தைப் பெரிதாக்கினால், இருபத்து நான்கு ஆயத்தொலைவுகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்கு ஒரு பங்கும் இரண்டாம் பாதிக்கு மிச்சமும் கொடுத்து எண்ணலாம். 1 + 2க + 2க⁴ + 2க⁹ + 2க¹⁶ + … என்ற முடிவிலாத் தொடரை ‘ப’ முறை தன்னோடு பெருக்கினால், ‘க’-வின் அடுக்கு ‘வ’ ஆக உள்ள உறுப்பின் கெழுவே எ(ப, வ) என்பதுதான் இவை அனைத்துக்கும் அடியில் இருக்கும் உண்மை. இத்தொடரைத் தீட்டா சார்பு என்பார்கள். ஒருமுறை இதைக் கண்டுகொண்டபின், புள்ளிகளை எண்ணுவது ஒரு தொடரை அடுக்கேற்றும் வேலையாக மாறிவிடுகிறது.

பரிமாணத்தைப் பொருட்படுத்தாத வாய்பாடு

இப்போது சொல்லப்போவதே என் கைக்கு மிகவும் பழகிய வழி. உரிய பாராட்டைப் பெறாத வழி என்றும் சொல்வேன். கீழ்ப் பரிமாணங்களின் பட்டியல் எதுவும் இல்லாமல், நாம் விரும்பும் பரிமாணத்துக்குள்ளேயே சிறிய ‘வ’-விலிருந்து பெரிய ‘வ’-வுக்கு ஏறிச் செல்ல இது உதவுகிறது.

தீட்டா சார்பின் ப-ஆம் அடுக்கை வகையிட்டால், அதன் வகைக்கெழு ‘ப’-வையும், தீட்டாவின் (ப−1)-ஆம் அடுக்கையும், தீட்டாவின் வகைக்கெழுவையும் பெருக்கி வருவது. இரு பக்கத்தையும் தீட்டாவால் பெருக்கினால் அடுக்குகள் மறைந்து, ‘ப’ என்பது வெறும் ஒரு பெருக்கெண்ணாக நிற்கும். இரு பக்கத்திலும் ஒரே அடுக்கின் கெழுக்களைச் சமப்படுத்தினால் இந்த வாய்பாடு கிடைக்கிறது:

வ × எ(ப, வ) = 2 × { [1(ப+1) − வ] × எ(ப, வ−1) + [4(ப+1) − வ] × எ(ப, வ−4) + [9(ப+1) − வ] × எ(ப, வ−9) + … }

அடைப்புக்குள் 1, 4, 9 என வர்க்கங்கள் ‘வ’-வைத் தாண்டாதவரை கூட்டிச் செல்ல வேண்டும். தொடக்கத்துக்கு எ(ப, 0) = 1 என்பது போதும்.

ஐந்து பரிமாணத்தில் கையாலேயே போட்டுப் பாருங்கள்; ப + 1 = 6. வ = 1 என்றால் 2 × (6 − 1) × 1 = 10. வ = 2 என்றால் 2 × (6 − 2) × 10 = 80, அதை 2-ஆல் வகுக்க 40. வ = 3 என்றால் 2 × 3 × 40 = 240, 3-ஆல் வகுக்க 80. வ = 4-இல் இரண்டாவது உறுப்பும் சேர்கிறது: 2 × (2 × 80 + 20 × 1) = 360, 4-ஆல் வகுக்க 90. இப்படியே தொடர்ந்தால் 112, 240, 320, 200 என்று வரும். வ = 9-இல் மூன்று உறுப்புகள்: 2 × (−3 × 200 + 15 × 112 + 45 × 1) = 2,250; 9-ஆல் வகுக்க 250.

ஒவ்வொரு படியிலும் ‘வ’-வால் மீதமின்றி வகுபட வேண்டும் என்பது இந்த வாய்பாட்டுக்குள்ளேயே இருக்கும் காவல். எங்கோ ஓரிடத்தில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால், பெரும்பாலும் அடுத்த சில படிகளுக்குள் வகுத்தலில் மீதி தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். உறுப்புகளில் சில எதிர்மமாக வருவதைக் கண்டு திகைக்க வேண்டாம். ‘வ’ ஆறைத் தாண்டியவுடன் முதல் அடைப்பு எதிர்மமாவது இயல்பே.

இருபத்து நான்கு பரிமாணத்தில் ப + 1 = 25. வாய்பாட்டை அடிதொட்டு இயக்கினால் 1, 48, 1,104, 16,192, 1,70,064, 13,62,336, 86,62,720, 4,49,81,376, 19,50,82,320 என்று வரும். அடுத்து வ = 9-க்கு அடைப்புக்குள் 16 × 19,50,82,320 + 91 × 13,62,336 + 216 = 3,24,52,89,912. இதை இரட்டித்து 9-ஆல் வகுத்தால் 72,11,75,536. நான்கு வகைகளாகப் பிரித்து எண்ணியதற்கும் இதற்கும் முறையில் எந்தத் தொடர்பும் இல்லை. விடையோ கடைசி இலக்கம்வரை ஒன்றே.

நிரலாக எழுதுவோருக்கு இது இரண்டு சுழற்சிகளில் முடியும் வேலை: வெளிச் சுழற்சி ‘வ’-வை ஒன்றிலிருந்து ஏற்றிச் செல்ல, உட்சுழற்சி வர்க்கங்களைக் கழித்துக் கூட்டும். பரிமாணம் ஐந்தானாலும் ஐந்நூறானாலும் படிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். எச்சரிக்கை ஒன்று உண்டு. இருபத்து நான்கு பரிமாணத்தில் ‘வ’ ஏறத்தாழ 75-ஐ நெருங்கும்போதே விடை 64 பிட் முழு எண்ணின் எல்லையை எட்டிவிடும், இடையில் வரும் பெருக்கல்கள் அதற்கும் முன்பே தாண்டிவிடும். பைத்தான் போன்ற, முழு எண்ணுக்கு நீள வரம்பு இல்லாத மொழியில் எழுதினால் இந்தக் கவலை வேண்டியதில்லை. தசம எண்களில் மட்டும் எழுதிவிடாதீர்கள். மீதி தோன்றிக் காட்டிக்கொடுக்கும் அந்தக் காவலை இழந்துவிடுவீர்கள்.

சரிபார்க்கும் வழிகள்

பரிமாணம் பகா எண்ணாக இருந்தால் அழகான சோதனை ஒன்று இருக்கிறது. ஐந்து ஆயத்தொலைவுகளையும் வட்டமாக ஒவ்வோர் இடம் நகர்த்திக்கொண்டே போனால், ஐந்தும் ஒரே எண்ணாக உள்ள புள்ளிகளைத் தவிர மற்றவை ஐந்தைந்தாகக் குழு சேரும். ஆகவே ‘வ’ என்பது 5, 20, 45 என்று ஐந்து மடங்கு வர்க்கமாக இல்லாதபோது எண்ணிக்கை 5-ஆல் வகுபட வேண்டும். அப்படி இருக்கும்போது மீதி 2 வர வேண்டும். மேலே கண்ட பட்டியலில் 10, 40, 80, 90, 240, 320, 200, 250 எல்லாம் வகுபடுகின்றன; வ = 5-க்கான 112 மட்டும் மீதி 2 தருகிறது, ஏனெனில் (1, 1, 1, 1, 1)-உம் அதன் எதிர்மமும் குழு சேராமல் தனித்து நிற்கின்றன.

மற்றொரு சோதனை கன அளவு. பூச்சியத்திலிருந்து ‘வ’ வரையுள்ள எல்லா எண்ணிக்கைகளையும் கூட்டினால் அது கோளத்துக்குள் அடங்கிய மொத்தப் புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியும் ஓரலகுக் கட்டத்துக்குச் சொந்தம் என்பதால் அது கோளத்தின் கன அளவுக்கு அருகில் இருக்க வேண்டும். ஐந்து பரிமாணத்தில் வ = 10 வரை கூட்டினால் 1,903 வருகிறது. தொலைவின் வர்க்கம் 10.5 ஆக உள்ள ஐந்து பரிமாணக் கோளத்தின் கன அளவு ஏறத்தாழ 1,880. 10-க்கும் 11-க்கும் நடுவில் கோளத்தின் விளிம்பை வைப்பதற்காகவே அரையைச் சேர்க்கிறோம். சேர்க்காவிட்டால் 1,665 என்று வந்து வீணாகக் கலங்க வேண்டியிருக்கும். ‘தொலைவில் உள்ளவை’ என்பதையும் ‘தொலைவுக்குள் உள்ளவை’ என்பதையும் குழப்பிக்கொள்பவர்களையும் இந்தச் சோதனை தெளியவைத்துவிடும்.

எப்போது நேரடி வாய்பாடு கிடைக்கும்?

சில பரிமாணங்களில் முந்தைய விடைகள் எதுவும் இல்லாமல் ‘வ’-வின் வகுத்திகளைக் கொண்டே விடையை எழுதிவிடலாம். இரண்டு பரிமாணத்தில், நான்கால் வகுக்க மீதி 1 தரும் வகுத்திகளின் எண்ணிக்கையிலிருந்து மீதி 3 தருபவற்றின் எண்ணிக்கையைக் கழித்து நான்கால் பெருக்க வேண்டும். 25-இன் வகுத்திகள் 1, 5, 25 மூன்றும் மீதி 1 தருவதால் 12. நான்கு பரிமாணத்தில், நான்கால் வகுபடாத வகுத்திகளைக் கூட்டி எட்டால் பெருக்க வேண்டும்; 9-க்கு 8 × (1 + 3 + 9) = 104. எட்டுப் பரிமாணத்தில், ‘வ’ ஒற்றை எண்ணாயின் வகுத்திகளின் மூன்றாம் அடுக்குகளைக் கூட்டிப் பதினாறால் பெருக்க வேண்டும்; 9-க்கு 16 × (1 + 27 + 729) = 12,112. வகை பிரித்துக் கண்ட விடையும் இதுவே. ‘வ’ இரட்டை எண்ணாயின் இரட்டை வகுத்திகளின் மூன்றாம் அடுக்குகளைக் கூட்டியும் ஒற்றை வகுத்திகளின் மூன்றாம் அடுக்குகளைக் கழித்தும் கணக்கிட வேண்டும். இவை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியக் கணிதவியலர் யாகோபியின் காலத்திலிருந்து அறியப்பட்டவை. நான்கு பரிமாண வாய்பாட்டில் 1 என்ற வகுத்தி எப்போதும் இருப்பதால் விடை ஒருபோதும் பூச்சியமாகாது என்பதையும் கவனியுங்கள். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று 1770-இல் லக்ராஞ்சு நிறுவியது இதற்குள் அடங்கிவிடுகிறது.

மூன்று பரிமாணம் மட்டும் அக்கம்பக்கத்தாரோடு ஒட்டாமல் நிற்கிறது. 7, 15, 23, 28 போன்ற எண்களுக்கு அங்கே புள்ளியே கிடையாது: நான்கால் வகுபடும்வரை வகுத்துக்கொண்டே போய், மிஞ்சுவதை எட்டால் வகுத்தால் மீதி 7 வரும் எண்கள் அவை. மற்ற எண்களுக்கு வகுத்திகளைக் கூட்டி முடிக்கும் எளிய வாய்பாடு இல்லை. அங்கே மேற்சொன்ன தொடர் வாய்பாட்டையே நாடுங்கள்.

எட்டுப் பரிமாணத்தைத் தாண்டினால் வகுத்திகள் மட்டும் போதா. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், 1916-இல் வெளியிட்ட ஆய்வுரையில் இந்த இடத்தைத்தான் திறந்து காட்டினார். இருபத்து நான்கு பரிமாணத்தில் விடை இரண்டு பகுதிகளாக அமைகிறது: ஒன்று வகுத்திகளின் பதினோராம் அடுக்குகளால் ஆனது, மற்றது அவர் டௌ என்ற கிரேக்க எழுத்தால் குறித்த சார்பால் ஆனது. ‘வ’ ஒற்றை எண்ணாக இருக்கும்போது, வகுத்திகளின் பதினோராம் அடுக்குகளைக் கூட்டி 16-ஆல் பெருக்கி, டௌ மதிப்பை 33,152-ஆல் பெருக்கி அதோடு சேர்த்து, மொத்தத்தை 691-ஆல் வகுக்க வேண்டும்.

டௌ மதிப்புகள் 1-க்கு 1, 2-க்கு −24, 3-க்கு 252. பகா எண்ணின் வர்க்கத்துக்கு அதன் டௌ மதிப்பை வர்க்கப்படுத்தி அப்பகா எண்ணின் பதினோராம் அடுக்கைக் கழிக்க வேண்டும் என்பது இராமானுஜன் கண்ட விதி. மோர்டெல் 1917-இல் அதை நிறுவினார். எனவே 9-க்கு 63,504 − 1,77,147 = −1,13,643. இனி நம் பழைய கேள்விக்கே வருவோம். 9-இன் வகுத்திகளுக்குப் பதினோராம் அடுக்குகளின் கூட்டுத்தொகை 31,38,12,36,757. அதன் 16 மடங்கு 5,02,09,97,88,112. டௌ பகுதி 3,76,74,92,736 என்ற அளவு குறைக்கிறது. மிஞ்சுவது 4,98,33,22,95,376. இதை 691-ஆல் வகுத்தால் 72,11,75,536. மூன்று முற்றிலும் வேறான பாதைகளில் நடந்து ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் அந்த 691 மீதமின்றி வகுபடும் தருணத்தில் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

முதல் பகுதியை மட்டும் 691-ஆல் வகுத்திருந்தால் ஏறத்தாழ 72.66 கோடி என்று வந்திருக்கும். உண்மையான விடைக்கும் அதற்கும் நூற்றில் ஒரு பங்குகூட வேறுபாடில்லை. ‘வ’ பெரிதாகும்போது டௌ பகுதி இப்படிச் சிறிதாகவே இருக்கும் என்ற இராமானுஜனின் ஊகத்தை 1974-இல் பியேர் தெலீன் நிறுவினார். எனவே தோராய விடை போதுமென்றால் பெரிய ‘வ’-வுக்கு வகுத்திகளே போதும். கடைசி இலக்கம்வரை வேண்டுமென்றால் டௌ இல்லாமல் ஆகாது.

கட்டம் வேறானால்

இதுவரை எண்ணியது சதுரக் கட்டத்தின் புள்ளிகளை. எட்டுப் பரிமாணத்தில் ஈ8 என்ற லாட்டிஸில் (ஒழுங்காக அமைந்த புள்ளிக் கட்டத்தில்), முழு எண் ஆயத்தொலைவுகளோடு, எல்லாமே அரைகளாக அமைந்த புள்ளிகளும் உண்டு. இரண்டிலும் ஆயத்தொலைவுகளின் கூட்டுத்தொகை இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். அங்கே மிக நெருங்கிய புள்ளிகளின் தொலைவு 2-இன் வர்க்கமூலம். வகை பிரித்தால் இரண்டே வகை: இரு இடங்களில் ±1 உள்ளவை 112, எட்டு இடங்களிலும் ±½ இருந்து கழித்தல் குறிகள் இரட்டைப்படையாக உள்ளவை 128. ஆக 240. இந்த லாட்டிஸின் புள்ளிகளில் கோளங்களை வைப்பதே எட்டுப் பரிமாணத்தில் மிக நெருக்கமான அடுக்குமுறை என்பதை மரினா வியசோவ்ஸ்கா 2016-இல் நிறுவினார்.

இருபத்து நான்கு பரிமாணத்தில் ஜான் லீச் 1967-இல் வெளியிட்ட லாட்டிஸுக்கும் டௌ சார்பே வந்து சேர்கிறது. தொலைவின் வர்க்கம் 2வ ஆக இருக்கும் புள்ளிகளைக் காண, ‘வ’-வின் வகுத்திகளுடைய பதினோராம் அடுக்குகளின் கூட்டுத்தொகையிலிருந்து டௌ மதிப்பைக் கழித்து, 65,520-ஆல் பெருக்கி, 691-ஆல் வகுக்க வேண்டும். வ = 1 எனில் 1 − 1 = 0; தொலைவின் வர்க்கம் 2 ஆக உள்ள புள்ளி அங்கே ஒன்றுகூட இல்லை. வ = 2 எனில் 2,049 + 24 = 2,073, இது 691-இன் சரியாக மூன்று மடங்கு; எனவே 3 × 65,520 = 1,96,560. இதையும் வகை பிரித்து எண்ணலாம். ஆயத்தொலைவுகளை 8-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி எழுதினால், இரண்டு இடங்களில் ±4 உள்ளவை 1,104; எட்டு இடங்களில் ±2 உள்ளவை, அந்த எட்டு இடங்களை 759 விதமாக மட்டுமே தெரிவுசெய்யலாம் என்பதாலும் ஒவ்வொன்றுக்கும் 128 குறியமைப்புகளே செல்லும் என்பதாலும், 97,152; ஓரிடத்தில் ±3-உம் மற்ற இருபத்து மூன்றில் ±1-உம் உள்ளவை 24 × 4,096 = 98,304. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.